குடிக்கூலி வீடும் குடியிருக்கும் தகுதியும்

பிழைப்பை நாடி வேற்றூர் செல்லும் தமிழர் முதலில் தேடுவது வேலை. அடுத்துத் தேடுவது வீடு. வேலையைப் பற்றிப் பத்துப் பேரிடம் விசாரித்துத் தெளிந்த பின்னரே அதனை ஏற்கும் நாம், வீட்டைப் பற்றி மட்டும் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறோம். வாடகை எவ்வளவு என்பது ஒன்று. முன்பணம் எவ்வளவு என்பது மற்றொன்று. இவ்வீடு மனிதர் குடியிருக்கத் தகுந்ததுதானா என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்பவர் மிகச் சிலரே. அக்கேள்வியை எப்பொழுது கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், அதற்குச் சட்டம் அளிக்கும் துணை எவ்வளவு என்பனவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டாக, கொச்சி நகரின் மேற்குப் பகுதியாகிய மட்டாஞ்சேரியைக் கொள்வோம். எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, போர்ட் கொச்சி என்னும் மூன்று நகரசபைகள் 1967-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று இணைந்து கொச்சி மாநகராட்சி ஆயின. ஆனால் மட்டாஞ்சேரியோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே பல மொழியினரும் பல சமயத்தினரும் கலந்து வாழ்ந்த வாணிகப் பட்டினம். 1568-ஆம் ஆண்டில் எழுந்த யூதர் ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது. கொங்கணியரும் குஜராத்தியரும் கச்சி மேமன்களும் வாழும் தெருக்களுக்கு அருகிலேயே தமிழரும் வாழ்கின்றனர். போர்ட் கொச்சியில் வேளி என்னுமிடத்தில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள், 1720-களில் ஒல்லாந்தர் தம் படைவீரரின் உடுப்புகளை வெளுப்பதற்காகத் தங்கள் முன்னோரை அழைத்துவந்ததாகக் கூறுவர். ஆகவே இவ்வூரில் தமிழரின் குடியிருப்பு நேற்று வந்ததன்று. ஆயினும் அவர்களுள் பலருடைய வீடு இன்றும் பிறருடைய வீடுதான்.

மட்டாஞ்சேரியின் பழைய கட்டடங்கள் வெட்டுக்கல்லும் சுண்ணாம்பும் மரமும் ஓடும் கொண்டு எழுப்பப்பட்டவை. ஒரு காலத்தில் ஒரே வணிகரின் வீடாகவோ பண்டகசாலையாகவோ விளங்கியவற்றுள் சில, பிற்காலத்தில் பலகைத் தடுப்புகளால் கூறுபோடப்பட்டு, அறைக்கொரு குடும்பமாக வாடகைக்கு விடப்பட்டன. அத்தகைய அறையொன்றில் வாழும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். கணவர் துணி தேய்க்கும் தொழிலாளி, மனைவி வீட்டு வேலை செய்பவர், குழந்தைகள் இருவர். அறையின் நீளம் ஒன்பது அடி, அகலம் எட்டடி. ஒரே சன்னல், அதுவும் வெளியே திறவாமல் மாடிப்படியை நோக்கித் திறக்கிறது. ஆனி பிறந்து மழை வலுத்தவுடன் சுவரின் அடிப்பகுதி ஈரம் பாரிக்கிறது. ஆடியில் பூஞ்சணம் பூக்கிறது. இளைய குழந்தைக்கு இருமல் தொடங்குகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "வசதிப்படாவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விடை வருகிறது. அதன் பின் அக்குடும்பம் வாய் திறப்பதில்லை. வீடு பழுதாயிருப்பது ஒரு துன்பம். பழுதைச் சொன்னால் வீடே கையைவிட்டுப் போய்விடுமோ என்னும் அச்சம் அதனினும் பெருந்துன்பம். நம் விவாதத்தின் உயிர்நிலை இவ்வச்சமே.

குடிக்கூலிக்கு விடப்படும் வீடு இன்ன தகுதிகளையேனும் பெற்றிருக்க வேண்டும் என்ற எண்ணம் தொழில் நகரங்களின் நெருக்கடியிலே பிறந்தது. இங்கிலாந்தில் 1885-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, தொழிலாளருக்கு வாடகைக்கு விடப்படும் வீடு தொடக்கத்தில் குடியிருக்கத் தகுந்ததாக இருத்தல் வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதாவிடினும் எழுதியதாகவே கொள்ளச் செய்தது. நியூயார்க்கில் 1901-ஆம் ஆண்டின் சட்டம், அடுக்கு வீடுகளில் ஒவ்வோர் அறைக்கும் வெளிச்சமும் காற்றும் வரவேண்டும் என்று விதித்ததோடு, அதனைச் சோதிக்கத் தனித் துறையையும் சோதகர்களையும் ஏற்படுத்தியது. நியூசிலாந்து 2019-இல் வகுத்த விதிகள், வெப்பம், காப்பு, காற்றோட்டம், ஈரத்தடுப்பும் வடிகாலும், இடுக்குக் காற்றைத் தடுத்தல் என ஐந்து தலைப்புகளில் வாடகை வீட்டின் தகுதியை வரையறுக்கின்றன. 2025 ஜூலை முதல் நாளுக்குள் தனியார் வாடகை வீடுகள் அனைத்தும் அத்தகுதியை எய்த வேண்டும் என்று காலவரையும் இட்டன.

சட்டம் எழுதப்பட்டால் மட்டும் போதாது என்பதற்கும் இங்கிலாந்தே சான்று. மேற்சொன்ன உரிமை, குறிப்பிட்ட தொகைக்குட்பட்ட வாடகை வீடுகளுக்கே உரியதாயிருந்தது. அத்தொகை 1957-க்குப் பிறகு உயர்த்தப்படவேயில்லை. வாடகைகள் ஏறின; உரிமை ஏட்டிலே உறங்கிற்று. 2018-இல் இயற்றிய புதிய சட்டமே, 2019 மார்ச் முதல், அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. அதன் பின்னரும் 2020-ஆம் ஆண்டில் ராச்டேல் என்னும் நகரில், சமூக வாடகை வீடொன்றில் படர்ந்த பூஞ்சணத்தால் நோயுற்று இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. பெற்றோர் முறையிடாமலில்லை, முறையீடு உரிய காலத்தில் செயலாகவில்லை. ஈரச் சுவர் என்பது கண்ணுக்கு அழகின்மை மட்டுமன்று, உயிருக்கே ஊறு என்பதை அந்நாடு அப்பொழுது உணர்ந்தது. குளிர்நாட்டில் நேர்ந்த இது, ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கொச்சிக்கு அயலான செய்தியன்று.

இனி நம் நாட்டு நிலையைக் காண்போம். வாடகைக்கு விடுமுன் ஒரு வீட்டை அதிகாரி ஒருவர் சோதித்து, தகுதியுடையது என்று சான்றளிக்க வேண்டும் என்னும் பொதுவிதி இந்தியாவில் இல்லை. ஆனால் தகுதி என்பது என்னவென்று எங்கும் கூறப்படவில்லை என எண்ணிவிடலாகாது. 1970-இல் முதன்முதலாக வெளியிடப்பட்டு, பின்னர் 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்ட தேசியக் கட்டட நெறித்தொகுப்பு அதனைத் தெளிவாகவே கூறுகிறது. ஒரே அறையுள்ள வீடாயின் அவ்வறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையாமலும், அகலம் 2.4 மீட்டருக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். அதாவது ஏறக்குறையப் பத்தடிக்குப் பத்தடி. இரண்டு அறைகள் இருப்பின் ஒன்று 9.5, மற்றொன்று 7.5 சதுர மீட்டர். அறையின் உயரம் 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடி. சமையலறை 5 சதுர மீட்டர், குளியலறை 1.8, கழிப்பறை 1.1. கொச்சியைப் போன்ற ஈரமும் வெப்பமும் மிகுந்த ஊர்களில், வெளிக்காற்றுக்குத் திறக்கும் சன்னல்களின் பரப்புத் தரைப்பரப்பில் ஆறிலொரு பங்காவது இருக்க வேண்டும். நூறு சதுர அடி அறைக்கு, இரண்டடிக்கு நாலடியாக இரண்டு சன்னல்கள் வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நாம் முன்னர் நினைத்துப் பார்த்த அறையை இவ்வளவுகோலால் அளந்தால், அதன் பரப்பு எழுபத்திரண்டு சதுர அடியே. சன்னலோ கணக்கில் சேராது. இந்நெறித்தொகுப்பு அறிவுரையே அன்றி ஆணையன்று. மாநிலங்கள் தத்தம் கட்டட விதிகளை வகுக்கும்பொழுது இதனை அடிப்படையாகக் கொள்கின்றன. கேரளத்தில் 1999-இலும் பிறகு 2019-இலும் நகராட்சிக் கட்டட விதிகள் இயற்றப்பட்டன. எனினும் அவை புதிதாகக் கட்டுவோரை நோக்கியே முதன்மையாக எழுதப்பட்டவை. நூறாண்டுக்கு முன் எழுந்து, பின்னர் பலகையால் தடுக்கப்பட்ட அறையை அவ்விதிகள் தாமாகவே தேடிச் சென்று சோதிப்பதில்லை. ஆகவே நம் நாட்டில் சோதனை என்பது கேட்டால் வருவது, கேளாவிடில் வாராதது. குடிபுகுமுன் முதற்சோதகர் குடிபுகுவோரே.

இச்சோதனையைத் தள்ளிப்போடலாகாது என்பதற்குச் சட்டமே ஒரு காரணம் காட்டுகிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின்படி, வீட்டில் தமக்குத் தெரிந்த மறைவான குறையை உரிமையாளர் குடியேறுவோருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஆனால் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே புலப்படும் குறைக்கு அக்கடமை இல்லை. கண்ணுக்குத் தெரிவதைக் காண்பது நம் பொறுப்பு. எனவே வீட்டைப் பகலில் ஒரு முறையும், இயலுமாயின் மழை பெய்த மறுநாள் ஒரு முறையும் பார்த்தல் நலம்.

பார்க்கும்பொழுது கவனிக்க வேண்டியவை சில. சுவரின் அடியில் தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம் வரை கறை இருந்தால் அது நிலத்திலிருந்து ஏறும் ஈரம். மேலிருந்து வழிந்த கறையானால் ஓட்டின் ஒழுக்கு. பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சு பூசியிருப்பின், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கும்; புதுப்பூச்சும் வெள்ளையும் கண்டு மயங்கலாகாது. உத்தரங்களின் முனைகள் சுவருக்குள் புகுமிடத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். மரம் முதலில் உளுப்பது அங்கேதான். சன்னல், கதவுகளின் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, மேற்பூச்சில் மட்டும் காணும் மயிரிழை வெடிப்பைப் போலன்று; அது சுவரின் அசைவைக் காட்டுவதாகலாம். மின்பலகையில் கசிவு மின்னைத் துண்டிக்கும் சாதனம் உண்டா என்று பார்த்து, அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். அது உடனே விழுந்தால்தான் பயன்.

அடுத்தது தண்ணீர். வீட்டுத் தேவைக்கு ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது தேசிய அளவு. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 540 லிட்டர். மேற்குக் கொச்சியில் நிலத்தடி நீர் உவர்ப்பானதால், குடிநீர் குழாய் வழியே வெளியிலிருந்துதான் வர வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்தின் எந்திரங்கள் பழுதுபட்டபொழுது, மட்டாஞ்சேரியும் சுற்றுப்புறமும் வாரக்கணக்கில் தவித்தன. ஆகவே குழாய் இருக்கிறதா என்பதோடு நில்லாமல், எத்தனை குடும்பங்களுக்கு ஒரு தொட்டி, அதன் கொள்ளளவு என்ன, எந்நேரம் நீர் வரும் என்பனவற்றையும் கேட்டறிதல் வேண்டும். கழிப்பறையைப் பிறரோடு பகிர வேண்டுமாயின், எத்தனை பேரோடு, அதனைத் தூய்மை செய்வது யார், கழிவுத் தொட்டியை வாரிச் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்பவற்றையும் அப்பொழுதே பேசிவிட வேண்டும்.

சோதித்ததை எழுத்தில் ஏற்றுவதே அடுத்த படி. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்பதால், மலையாளத்தில் எழுதிய வாடகைச் சீட்டுகளைப் படித்துச் சொல்லுமாறு அயலார் சிலர் என்னிடம் கொண்டுவருவதுண்டு. ஒரு முறை வந்தவர், கையெழுத்திட்டு எட்டுத் திங்கள் கழித்துச் சீட்டைக் கொணர்ந்தார். ஒழுகும் கூரையைச் சரிசெய்யும் செலவு யாருடையது என்பதே அவர் வினா. வீட்டை நன்கு பரிசோதித்துத் திருப்தியடைந்ததாகவும், எல்லாப் பழுதுகளையும் தம் செலவிலேயே பார்த்துக்கொள்வதாகவும் அவரே ஒப்பியிருந்தார். சீட்டிலுள்ள சொற்கள் பாதிக்கு மேல் தமக்குப் புரிந்தனவென்றும், புரியாதவை முக்கியமில்லாதவை என்று நினைத்ததாகவும் அவர் சொன்னார். புரியாத அப்பாதியிலேதான் கூரை இருந்தது.

மலையாளம் தமிழுக்கு உறவாயிருப்பதே சில வேளை இடர் விளைக்கிறது. சீட்டில் வரும் "குடிசிக" என்பது வாடகைப் பாக்கி. "ஒழியுக" என்பது வீட்டைக் காலி செய்தல். "அற்றகுற்றப்பணி" என்பது பழுதுபார்ப்பு. "கரார்" என்பது ஒப்பந்தமே. நாம் கறாராகப் பேசுதல் என்பதன்று. இச்சொற்கள் வரும் வரிகளை நிறுத்தி நிதானித்து, தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு முழுவதும் படிப்பித்த பின்னரே கையெழுத்திடுதல் வேண்டும். சீட்டோடு, வீட்டின் அன்றைய நிலையைக் காட்டும் நிழற்படங்களும், இருந்த குறைகளின் பட்டியலும், யார் எதைச் சரிசெய்வது என்ற குறிப்பும் இருவர் கையெழுத்தோடு இணைந்திருந்தால், பின்னாளில் வழக்குக்கே இடமிராது.

குடிபுகுந்த பின் பழுது நேர்ந்தால் என் செய்வது? கேரளத்தில் இதற்குரிய சட்டம் 1965-ஆம் ஆண்டுக் கட்டடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாகும். அதன் நியாய வாடகை பற்றிய பிரிவுகளை 1995-இல் கேரள உயர் நீதிமன்றம் செல்லாதவை என்று கூறிவிட்டது. ஆயினும் குடியிருப்போரைக் காக்கும் வேறு பிரிவுகள் உள்ளன. 17-ஆம் பிரிவின்படி, உரிமையாளர் காலாகாலத்தில் செய்ய வேண்டிய பராமரிப்பையும் தேவையான பழுதுபார்ப்பையும் செய்யத் தவறினால், குடியிருப்பவர் இதற்கென அரசு நியமித்துள்ள குடியிருப்புக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். அவர் விசாரித்து, அவ்வேலையைக் குடியிருப்பவரே செய்துகொண்டு, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளுமாறு ஆணையிடலாம். 13-ஆம் பிரிவின்படி, குடியிருப்பவர் அனுபவித்து வரும் தண்ணீர், மின்விளக்கு முதலிய வசதிகளைத் தக்க காரணமின்றி உரிமையாளர் துண்டித்தலோ தடுத்தலோ கூடாது. மீறினால் அதே அதிகாரியிடம் முறையிடலாம். மின்சாரம் அடிப்படைத் தேவை என்றும், உரிமையாளர் இசைவுச் சான்று தர மறுத்தார் என்பதற்காகக் குடியிருப்பவருக்கு அதனை மறுத்தல் ஆகாது என்றும் உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்துள்ளது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. கூரை ஒழுகுகிறது என்று சினந்து, வாடகையைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உண்டு. நியாயம் தம் பக்கமே என்று அவர்கள் நம்புவர். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் பாக்கிதாரர் ஆகிவிடுகின்றனர். 11-ஆம் பிரிவின்படி வெளியேற்றும் வழக்குக்கு அதுவே வாயிலாகிறது. உரிமையாளர் பதிவஞ்சலில் அறிவிப்பு அனுப்பினால், பதினைந்து நாள்களுக்குள் பாக்கியை வட்டியோடு செலுத்திவிட வேண்டும். வழக்கில் ஆணை பிறந்த பின்னரும், ஒரு மாதத்துக்குள் பாக்கியும் வட்டியும் வழக்குச் செலவும் கட்டினால் அவ்வாணை நீக்கப்படும். உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தாலோ, எழுத்து மூலம் வங்கிக் கணக்கைக் கேட்டுப் பெற்று அதில் செலுத்தலாம்; அதையும் தாராவிடில் பணவிடையாக அனுப்பலாம். கொடுத்த பணத்துக்கு ரசீது பெறுவதும் அச்சட்டத்தின் 9-ஆம் பிரிவு தரும் உரிமையே. சுருங்கச் சொன்னால், முறையீடு எவ்வளவு வலுவாக இருப்பினும் வாடகை தவறாமலிருப்பதே அதற்கு அரண்.

சுகாதாரக் கேடு, இடியும் நிலை ஆகியவற்றுக்கு வேறு வாயில் உண்டு. 1994-ஆம் ஆண்டுக் கேரள நகராட்சிச் சட்டத்தின் 411-ஆம் பிரிவு, ஆபத்தான கட்டடத்தைப் பழுதுபார்க்கவோ பாதுகாக்கவோ இடிக்கவோ உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பும் அதிகாரத்தை மாநகராட்சிச் செயலாளருக்கு அளிக்கிறது. திருவிதாங்கூர்-கொச்சியின் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் சென்னையின் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் மாற்றாக வந்த 2023-ஆம் ஆண்டுக் கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டமும் உண்டு. தேங்கும் சாக்கடை, நிரம்பி வழியும் கழிவுத் தொட்டி, கொசு பெருகும் நீர்த்தொட்டி ஆகியவற்றைச் சுகாதார ஆய்வாளரிடம் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். டெங்குவும் எலிக்காய்ச்சலும் பரவும் மழைக்காலத்தில் இது ஒரு வீட்டின் காரியமன்று, தெருவின் காரியம்.

ஆனால் இவ்வாயில் இருபுறமும் திறப்பது என்பதை மறைப்பதற்கில்லை. சோதகர் வந்து, இக்கட்டடம் இடியக்கூடியது என்று எழுதினால், குடியிருப்போரை வெளியேற்றும் ஆணையும் அதன்பின் வரலாம். நல்ல வீடு கேட்டவர்க்கு உள்ள வீடும் போயிற்று என்னும் நிலை அது. சில உரிமையாளர்கள் இதனையே நாடிக் கட்டடத்தைப் பழுதாக விடுவதும் உண்டு. இதற்குச் சட்டம் ஓரளவு பரிகாரம் வைத்துள்ளது. திரும்பக் கட்டுவதற்காக 11-ஆம் பிரிவின்படி ஒருவரை வெளியேற்றினால், புதிதாகக் கட்டிய கட்டடத்தில் இடம் பெறும் முதல் உரிமை அவருக்கே உண்டு. இவ்வுரிமையை நிலைநாட்டத் தாம் குடியிருந்ததற்குச் சான்று வேண்டும். வாடகைச் சீட்டும் ரசீதும் இல்லாதவர், இருபதாண்டு வாழ்ந்தும் வழிப்போக்கர் போல் நிற்க நேரிடும். ஆதலால் முறையீட்டைத் தனியொருவராக அன்றி, ஒரே கட்டடத்தில் வாழும் குடும்பங்கள் சேர்ந்து கையெழுத்திட்டு அளித்தலும், அதன் நகலில் அலுவலக முத்திரை பெற்று வைத்தலும் அறிவுடைமை.

மேற்குக் கொச்சியில் வழங்கும் பணயம் என்னும் முறையையும் கூற வேண்டும். நம் ஊரில் ஒத்தி என்போம். உரிமையாளருக்குப் பெருந்தொகை ஒன்றை மொத்தமாகக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்பொழுது அத்தொகையைத் திரும்பப் பெறுவது அம்முறை. மாத வாடகை இல்லாமை ஏழைக்குப் பெரும் ஆறுதலே. ஆனால் மகளின் நகையும் ஊரிலுள்ள நிலமும் விற்று அத்தொகையைத் திரட்டியிருப்பர். ஈடு என்பது நூறு ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்காயின், இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்தாலன்றிச் செல்லாது என்பது சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் விதி. முத்திரைத்தாளில் எழுதி வீட்டிலேயே பூட்டிவைத்த சீட்டு, வீட்டின்மீது உரிமை தாராது. பணம் வெறுங்கடனாகவே நிற்கும். அவ்வீடு முன்னரே வங்கியில் அடமானம் வைக்கப்பட்டிருந்தால், 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வங்கி அதனைக் கைப்பற்ற வரும் நாளன்று, பணம் கொடுத்தவர் தெருவில் நிற்பார். ஆகவே பணயத்துக்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தலும், ஆவணத்தைப் பதிவு செய்தலும் தவிர்க்க முடியாத கடமைகள். மேலும், பணயத் தொகை உரிமையாளரிடம் சிக்கியிருக்கையில், கூரை இடியினும் குடியிருப்பவர் எளிதில் எழுந்து போக இயலாது. எனவே பணயத்துக்குப் பார்க்கும் வீட்டை, வாடகைக்குப் பார்க்கும் வீட்டினும் இரு மடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கும் சில குறிப்புகள். மும்பையில் 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்றே கூறுகிறது. பதினைந்து நாள் அறிவிப்புக் கொடுத்தும் அவர் செய்யாவிடில், குடியிருப்பவர் செய்து, ஓராண்டு வாடகையில் நாலிலொரு பங்குக்கு மேற்படாமல் கழித்துக்கொள்ளலாம். தில்லியின் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதனை ஒத்த பிரிவு உண்டு. ஆனால் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளுக்கு அச்சட்டம் பொருந்தாது. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்ட சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தது. எழுத்து மூல ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் அதன் அடிப்படை. 2021 ஜூன் 2-ஆம் நாளன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், சுவரும் கட்டுமானமும் மின்கம்பியும் நீர்க்குழாயும் உரிமையாளர் பொறுப்பு என்றும், குழாய்முனை, சாக்கடை அடைப்பு, மின்பொத்தான் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு என்றும் பட்டியலிட்டே பிரிக்கிறது. மாநிலங்கள் ஏற்றாலன்றி அது சட்டமாகாது. எனினும் ஒப்பந்தம் எழுதும்பொழுது அப்பட்டியலைப் பின்பற்றுவதை யாரும் தடுப்பதில்லை.

உரிமையாளர் தரப்பையும் நோக்குதல் முறை. நாற்பதாண்டு முன் பேசிய சிறு வாடகை அப்படியே நிற்கையில், ஓடு மாற்றும் கூலியோ பன்மடங்கு ஏறிவிட்டது. பழைய நகரங்களில் கட்டடங்கள் சிதைந்ததற்கு உரிமையாளரின் பேராசை மட்டுமே காரணமன்று. வாடகையைக் கட்டிப்போட்டு, பழுதுபார்ப்புக்கு வழி காட்டாத நிலையும் காரணமே. ஆகவே நியாயமான வாடகை உயர்வுக்கு இசைவதும், அதற்கு ஈடாகக் கூரையையும் கழிப்பறையையும் செம்மை செய்து தரக் கேட்பதும் இரு தரப்பாருக்கும் நன்மை பயக்கும். அரசும் நகரசபையும் தம் பங்கைச் செய்யாமலில்லை. மட்டாஞ்சேரிக்கு அருகில் துருத்தியில் எழுந்த இரட்டை அடுக்ககம் 2025-இல் திறக்கப்பட்டு, 394 குடும்பங்களுக்கு வீடளிக்க வழி செய்தது. ஆயினும் அத்தகைய வீடு எல்லோருக்கும் கிட்டும் நாள் வரையில், வாடகை அறையே பலருக்கு வீடு.

முறையிட மொழி தடையாகுமோ என்று நேயர்கள் தயங்க வேண்டுவதில்லை. மத்திய அரசின் அதிகாரியாயினும் மாநில அரசின் அதிகாரியாயினும், குறை தீர்க்குமாறு எழுதும் விண்ணப்பத்தை ஒன்றியத்திலோ அம்மாநிலத்திலோ வழங்கும் மொழிகளில் எழுத அரசியலமைப்பின் 350-ஆம் விதி ஒவ்வொருவருக்கும் உரிமை அளிக்கிறது. வழக்கறிஞரை அமர்த்தும் வசதியில்லாதவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முதலியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்னும் தொலைபேசி எண்ணில் அதனைக் கோரலாம்.

எட்டடிக்கு ஒன்பதடி அறையில் வாழும் அக்குடும்பத்திடம் மீண்டும் வருவோம். நாளையே அவர்களுக்குப் பெரிய வீடு கிடைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. வாடகையைத் தவறாமல் கொடுத்து ரசீது பெறலாம். ஈரச் சுவரை நிழற்படம் எடுத்து, தேதியிட்டு, வீட்டுக்காரருக்குப் பதிவஞ்சலில் ஒரு கடிதம் எழுதலாம். பதிலில்லையேல், தாலூகா அலுவலகத்தில் விசாரித்து உரிய அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். அதே படிக்கட்டைப் பகிரும் அண்டை வீட்டாரையும் உடன் சேர்த்துக்கொள்ளலாம். ஓடு ஒழுகும் இடத்தைச் சரிசெய்து, சுவரின் சிமெண்டுப் பூச்சைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்பு பூசி, வெளிப்புறச் சுவரில் ஒரு சன்னல் திறந்தால், குழந்தையின் இருமலுக்கு மருந்தாவதில் பாதி முடிந்துவிடும். வாடகை கொடுப்பவர் கேட்பது சலுகையன்று. கொடுத்த பணத்துக்குரிய பொருளையே கேட்கிறார். அப்பொருள் நான்கு சுவர் மட்டுமன்று. காற்றும் வெளிச்சமும் நீரும் கூரையின் உறுதியும் சேர்ந்ததே வீடு.